களையை அமுக்கும் கேழ்வரகு

ஆஸ்திரேலியக் கோதுமை வயல்களில் களைக்கொல்லிக்குச் சாகாத ரைப்புல் என்ற களை பெருகிவிட்டதால், இளம்பயிரிலேயே அகல இலை விரித்து நிலத்தை மூடிவிடும் கோதுமையை அங்கே உருவாக்கி வருகிறார்கள் என்று படித்தேன். தருமபுரியில் கோதுமைக்கு ஏது இடம்? இங்கே கேழ்வரகுதான். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் களையெடுப்பு நடந்த ஒரு மானாவாரிக் கொல்லைக்கு நண்பர் கூட்டிப் போனார்.

பெண்கள் வரிசையாகக் குந்தி நகர்ந்துகொண்டிருந்தார்கள். மூத்தவர் கையில் இருந்த களைக்கொத்தின் அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. எனக்கு எல்லாமே கேழ்வரகாகத் தெரிந்தது. அவர் ஒரு தூரை விரலால் விலக்கிக் காட்டினார்: அடித்தண்டு வெளுத்து, தட்டையாகி, தரையோடு படிந்திருந்தது. கேழ்வரகுக்குப் பங்காளியான காட்டுப் புல் அது. களைக்கொல்லி இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். அவர் விரல் அறிகிறது.

"மொத ஒரு மாசம் பயிரு ஜெயிச்சுட்டா போதுங்க. எல வந்து மூடிக்கிச்சுன்னா கீழ ஒண்ணும் தலையெடுக்காது" என்றார்.

ஆய்வாளர்கள் சொல்வதும் இதுதான். விதைத்த முதல் ஐந்தாறு வாரம் களையோடு போட்டி போட்டால் விளைச்சல் விழும். முன்பு எருது பூட்டிப் பலுகு ஓட்டியே பாதிக் களையைச் சாய்த்தார்கள்; எருது போன வீடுகளில் இன்று எல்லாம் பெண்களின் இடுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மீண்டும் கோதுமையைப் பாருங்கள்: 1960களில் வந்த குட்டைக் கோதுமை உரத்தைத் தாங்கி நின்றது. ஆனால் உயரம் குறைந்த பயிர் களைக்கு அவ்வளவாக நிழல் போடுவதில்லை. விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். ரகங்களை ஒப்பிடும் பாத்திகளில் களையைச் சுத்தமாக எடுத்துவிடுகிறார்கள். களையை அமுக்கும் குணம் அங்கே எப்படித் தெரியும்? இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேழ்வரகு குவிண்டாலுக்கு 4,290 ரூபாய் என்று 2024-25க்கு ஆதரவு விலை அறிவித்தார்கள். அதில் களைக்கூலி எவ்வளவைத் தின்கிறது என்பதை விதை தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் சேர்ப்பவர் யார்?

கேழ்வரகில் ஒட்டுக் கட்டுவது லேசான வேலையல்ல. பூ மிகச் சிறியது, தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது. அப்படியும் கர்நாடகத்து மண்டியாவில் பயிர் ஆய்வாளர் லட்சுமணையா ஆப்பிரிக்க, இந்திய ரகங்களை இணைத்து 'இண்டாஃப்' வரிசையைத் தந்தார். நம் பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் 2008இல் 'பையூர் 2' ரகத்தைத் தந்தது.

எப்படிப்பட்ட ரகம் வேண்டும் என்று கொல்லையில் கேட்டேன். நெடிய, இலை அடர்ந்த பயிரே வேண்டும் என்றார் களைக்கொத்து பிடித்த அந்த அம்மா. மாட்டுக்குத் தாளும் கிடைக்கும். கொல்லைக்காரர் ஒப்பவில்லை. "ஐப்பசி மழைக்குச் சாஞ்சிருச்சுன்னா அறுப்புக் கூலி ரெட்டிப்பாயிருமே!"

இருவர் சொல்வதும் சரி. சீக்கிரம் மூடவும் வேண்டும், சாயாமல் நிற்கவும் வேண்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் களையெடுக்காத பாத்தி ஒன்று விட்டு, எது தாக்குப்பிடிக்கிறது என்று இந்தப் பெண்களையே கூப்பிட்டுக் கேட்கலாம்.