எள்ளும் உப்பும்

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்த பிறகு, கொரியா நமக்கு அசலூர் இல்லை. அவர்கள் ஊர்ப் பொடி ஒன்று இருக்கிறது. பெயர் 'கேசோகும்'. 'கே' என்றால் எள், 'சோகும்' என்றால் உப்பு. அவ்வளவுதான் சமாச்சாரம்!

நாலு ஸ்பூன் வெள்ளை எள்ளைக் கழுவிக் காயவைத்து, சிறுதீயில் படபடவென வெடிக்கும்வரை வறுக்கணும். சூடு தணிந்ததும் அரை ஸ்பூன் உப்பு சேர்த்து, உரலில் ஒன்றிரண்டாக இடிக்கணும். மிக்ஸியில் ரொம்ப ஓட்டினால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும்.

எடப்பாடியில் எங்கள் வீட்டு எள்ளுப்பொடியில் மிளகாய்தான் ராஜா. அல்சர் என்று டாக்டர் அதை நிறுத்தச் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சோறே வெறுத்துப்போச்சு. போன வாரம் இந்தப் பொடியைத் தூவி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் போடு கண்ணு" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாசமாச்சு!