எங்கே வாயை மூடுவது

மௌனப் படத்தை யாரும் மௌனமாகப் பார்த்ததில்லை. தமிழ்நாட்டுக் கூடாரக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஜப்பானில் இந்த வேலையைச் செய்தவர்கள் பென்ஷிகள். நடிகர்களுக்கு நிகரான புகழ் அவர்களுக்கு. மலேசியாவில், ஜெலாப்பாங்கில் என் வீட்டு முன்னால், காடி நிறுத்தும் இடத்தில் வெள்ளைத் துணி கட்டி நான் பழைய படம் போடுகிறபோது அந்த வேலை என்னுடையது. தோட்டம் விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள், பக்கத்துப் புதுக்கிராமத்துச் சீனர்கள், எதிர் வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகள் என்று கூட்டம் கலவையாக இருக்கும். அவர்களுக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம்.

பேச்சுக்கு முன்னால் வேகம். அந்தக் காலக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 16, 18, 20 சட்டகம் என்று படத்துக்குப் படம், ஏன், காட்சிக்குக் காட்சிகூட மாறும். பேசும் படம் வந்த பிறகுதான் 24 நிலைத்தது. பழைய படத்தை 24-இல் ஓட்டினால் எல்லாரும் துள்ளுவார்கள். சாவு வீடுகூடக் கூத்தாகிவிடும். நான் நடிகர்களின் பாதத்தைப் பார்ப்பேன். நடக்கிறவரின் உடல் பாரம் காலில் இறங்குவது தெரிகிறவரை வேகத்தைக் குறைப்பேன்.

அடுத்தது ஓசை. இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் ஏதோ ஒரு பியானோ சம்பந்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதை அடைத்துவிடுவேன். எங்கள் வட்டாரத்து உருமி மேளக் குழுப் பையன் ஒருவன் வந்து வாசிப்பான். பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926) படம் முழுக்க ரயில் துரத்தல். கீட்டன் இடறும்போதெல்லாம் ஓர் அடி போட ஆசைப்பட்டான். "தம்பி, விழுறத விடு, ரயில பிடி" என்றேன். ரயிலின் தாளத்தை அவன் பிடித்துக்கொண்டதும், கீட்டன் அதற்கு எதிர்த்தாளத்தில் விழுவது எல்லாருக்கும் தெரிந்தது.

இனி பேச்சு. பெயர், உறவு, இடம் ஆகிய மூன்றையும் சொல்லியாக வேண்டும். கையும் முகமும் செய்வதைச் சொல்லக் கூடாது. 1931-இல், பேசும் படம் உலகத்தைப் பிடித்துவிட்ட பிறகும், சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' படத்தைப் பேச்சில்லாமல் எடுத்தார். கடைசியில், பார்வை திரும்பிய பூக்காரப் பெண், சாப்ளின் நடிக்கும் நாடோடியைப் பிச்சைக்காரன் என்று நினைத்து அவன் கையில் காசு வைக்கிறாள். தொட்டதும் அடையாளம் தெரிகிறது. அதன் பிறகு திரையில் எழுத்து வரும். நான் வாசிப்பதில்லை. வாசித்தால் அந்தக் கையை விட்டுவிட்டு எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள்.

'மார்த்தாண்ட வர்மா' (1933) நேர்மாறு. திருவிதாங்கூர் அரண்மனைச் சூழ்ச்சி. யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து எடுத்தது. பதிப்புரிமை வழக்கில் படம் முடங்கி, சுருள் பதிப்பகத்தாரிடமே தங்கிவிட்டது. 1974-இல் பூனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை எடுத்துக்கொண்டது. படத்தைக் கெடுத்த வழக்கே அதைக் காப்பாற்றியும் விட்டது. வழக்கில்லாத நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' நமக்கு மிஞ்சவில்லை. மூவாரைச் சேர்ந்த லியூ பெய்ஜின் சீனாவிலிருந்து வந்த புதுக்குடியேறியைப் பற்றி எடுத்து 1927-இல் வெளியிட்ட 'சின் கே' படமும் போய்விட்டது. அது இருந்திருந்தால் எங்கள் துணியில் முதலில் அதைத்தான் போட்டிருப்பேன். கப்பலேறி வந்தவர்களின் கதைக்கு ஜெலாப்பாங்கில் விளக்கவுரை தேவைப்படாது.

தோட்டத்துப் பெரியவர்கள் படத்தோடு பேசுவார்கள். "டேய், பின்னால பாருடா!" என்று கீட்டனை எச்சரிப்பார்கள். திடலில் படம் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே ஜெனரேட்டர் இரைச்சலில் வசனம் பாதி கேட்காது, கண்ணால்தான் கதையைப் பிடிக்க வேண்டும். மௌனப் படம் அவர்களுக்குப் புதிதில்லை. பொறுமையாக இருக்கும்படி சொல்லவேண்டியது இளையவர்களிடம்தான்: திரையின் நடுவை மட்டும் பார்க்காதே, ஓரத்தையும் பார். மௌனப் படத்தின் தொடக்கக் காலத்தில் கேமரா அதிகம் நகராது; நடப்பது பெரும்பாலும் ஒரே சட்டகத்துக்குள் முன்னும் பின்னும் நடக்கும்.

என் வேலை சரியாக நடந்ததா என்பதைச் சிரிப்பு சொல்லிவிடும். 'தி ஜெனரலில்' காதலி கைவிட்ட சோகத்தில் கீட்டன் ரயில் சக்கரத்தின் இணைப்புத் தண்டில் உட்கார்ந்திருப்பார். ரயில் நகர, தண்டு அவரை மேலும் கீழும் தூக்கிப் போடும், அவருக்குத் தெரியவே தெரியாது. அங்கே தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே நொடியில் சிரித்தால் நான் வாயை மூடியிருந்தது சரி. ஒரு பக்கம் சிரிப்பு பிந்தி வந்தால், அவர்கள் படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என் விளக்கத்தைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அடுத்த முறை அந்த இடத்தில் நான் பேசமாட்டேன்.