இல்லாத கடலில் ஓர் உலா

புலவர் உலகிற்கு இல்பொருள் புதியதன்று. சிறகு முளைத்த மலையையும் நிலத்தில் நடக்கும் திங்களையும் உவமையாக்கி, அதனை இல்பொருளுவமை எனப் பெயரிட்டு இலக்கணத்துள் அமைத்துக்கொண்டவர் நம் முன்னோர். உலகில் இல்லாததைக் காட்டி உள்ளதை விளக்குதலே அவ்வணியின் பயன். அங்ஙனமாயின், இல்லாததொரு கடலில் இல்லாததொரு கலமேறி யாம் சென்றுவந்த உலாவினைப் பற்றி எழுதுதல் தமிழ் மாணவர்க்கு அடாத செயலன்று எனத் துணிந்தே இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

‘செகண்ட் லைஃப்’, அஃதாவது இரண்டாம் வாழ்வு, என்பது கணினி வழியே நுழைதற்குரியதோர் உலகு. அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லாப் என்னும் நிறுவனத்தார் 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். புகுவோர் தாம் விரும்பிய உருவெடுத்து உலவலாம், நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், கட்டியதை விற்கவும் செய்யலாம். வென்றோர், தோற்றோர் என்னும் கணக்கு அங்கில்லை. அவ்வுலகின் பரப்பு 256 மீட்டர் நீளமும் அத்துணையே அகலமும் உடைய சதுரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அத்தகைய சதுரங்கள் பல சேர்ந்த நீர்வெளியே பிளேக் கடல் எனப்படுவது. பாய்க்கலம் செலுத்துவோர் கூடுமிடம் அது. அங்கு ஒரு பகலும் ஓர் இரவும் நம் 4 மணி நேரத்துள் முடிந்துவிடும்: பகலுக்கு மூன்று, இரவுக்கு ஒன்று.

எம்முடன் வந்த நண்பர் பௌதிக வகுப்பினர்; குமரி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரினர். யாமோ கோவிற்பட்டிக்கு அணித்தானதொரு கரிசற்காட்டு ஊரினேம். இளமையில் ஊருணியையன்றி வேறு நீர்ப்பரப்பைக் கண்டிலேம். நெய்தலை நூலிற் கற்றவர் யாம். நெய்தல் நிலத்திற் பிறந்தவர் அவர். ஆயினும் கல்லூரிக்கு வந்த நாள்தொட்டு அவர் தாமாகக் கடலைப்பற்றிப் பேசியதில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் குமரிக் கடலில் வீசிய ஒக்கிப் புயலின்போது, மீன்பிடிக்கச் சென்றிருந்த அவர் தந்தையார் திரும்பி வந்திலர். நண்பர்க்கு அப்பொழுது 11 வயது. மகன் இனிக் கலமேறலாகாது என அன்னையார் ஆணையிட்டார். மகனும் அதனை மீறினாரல்லர்.

கார்த்திகை மழை விடாது பெய்ததொரு சனிக்கிழமை மாலை, விடுதியறையில் எம் இருவர் மடிக்கணினிகளும் அருகருகே இருந்தன. ‘நனையாத கடலொன்று உளது, வருகின்றீரா?’ என்று கேட்டோம். அவர் நெடுநேரம் எம்மை நோக்கினார். பின் நகைத்து, ‘முழுகாத கடலா, புலவரே?’ என்றார். ‘முழுகினும் மூச்சடையாது’ என்றோம். இசைந்தார்.

விலையின்றிக் கிடைத்ததொரு சிறு பாய்க்கலத்தைத் துறையில் இறக்கினோம். ‘ஏற்று’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டெழுதிய அளவில் பாய் தானே ஏறிற்று. இட வலப் பொத்தான்கள் சுக்கானைத் திருப்பும். மேல் கீழ்ப் பொத்தான்கள் பாய்க்கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் செய்யும். காற்று எத்திசையினின்று, எத்துணை விரைவில் வீசவேண்டும் என்பதையும் கலத்தலைவனே விதிக்கலாம். காற்றை ஏவல்கொண்ட முன்னோன் ஒருவனின் வழித்தோன்றல் எனக் கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றில் போற்றினார். அப்பெருமை இன்று விடுதிப் பிள்ளைகட்கும் எளிதாயிற்றே என்று யாம் செருக்குற்றிருக்க, நண்பர், ‘கொண்டல் வைப்போம்’ என்று கீழ்காற்றைத் தெரிந்தெடுத்தார். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் எனப் பெயரெல்லாம் பாட்டனாரிடம் கேட்டவையாம். அவற்றை அவர் வாயால் யாம் கேட்டது அன்றே முதன்முறை.

கிழக்கே ஒரு தீவில் கலங்கரை விளக்கம் தோன்றிற்று. காற்றும் கிழக்கினின்றே வருதலின், நேரே செலுத்தினால் பாய் படபடத்துக் கலம் நின்றுவிடும். நண்பர் கலத்தைக் காற்றினின்று 45 பாகை விலக்கி, வடகிழக்கே சிறிது தூரமும், பின் பாயை மறுபுறம் மாற்றித் தென்கிழக்கே சிறிது தூரமுமாகச் செலுத்தினார். ‘காற்று பாயைப் பக்கவாட்டில் இழுக்கும், நீருள் ஆழ்ந்த அடிப்பலகை அவ்விழுப்பைத் தடுக்கும், எஞ்சிய விசை நம்மை முன்னே தள்ளும்’ எனப் பௌதிகமும் உரைத்தார். உரைக்கும்போது ஒரு கை பொத்தானில் இருக்க, மற்றொரு கை கயிற்றைப் பற்றியதுபோல் மேசையோரத்தை இறுகப் பற்றியிருந்தது.

ஒரு சதுரத்தினின்று மறு சதுரத்திற்குக் கலம் கடக்குங்கால், அவ்வுலகை இயக்கும் நிரல்களுள் ஒன்று எம்மை மற்றொன்றனிடம் ஒப்படைக்கின்றது. அவ்வொப்படைப்பு சிறிது பிசகினும் வேடிக்கைதான். ஓரெல்லையில் கலம் முன்னே ஓட, நண்பரின் உருவம் மட்டும் அமர்ந்த கோலத்திலேயே வானிற் பறந்து, நீருள் வீழ்ந்து, கடலடித் தரையிற் காலூன்றி நின்று எமக்குக் கையசைத்தது. வயிறு குலுங்க நகைத்த எமக்கு, அடுத்த கணமே நகை அடங்கிற்று. அவர்க்கு அடங்கவில்லை. ‘இங்கே நடக்கலாம், புலவரே!’ என்றார்.

மீண்டும் அவர் கலமேறிய சிறிது நேரத்தில், ஊரிலிருந்து அன்னையார் தொலைபேசியில் அழைத்தார். கணினியினின்று அலையோசை எழுந்தவண்ணமே இருந்தது. ‘மக்களே, அங்கே என்ன அலைச்சத்தம்?’ என்ற குரல் எமக்கும் கேட்டது. நண்பர் ஒலியை அடக்கினாரல்லர், யாதும் மறைத்தாருமல்லர். கணினிக் கலத்தையும் நனையாத நீரையும் அருகிலிருந்த கரிசற்காட்டுப் புலவரையும் பற்றி எடுத்துரைத்தார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின், ‘காற்று எங்கேயிருந்து?’ என்று அன்னையார் வினவினார்.

‘கொண்டல், அம்மா.’

‘பாயை ரொம்ப இறுக்காதே. இருட்டுமுன்னே கரையேறிவிடு, மக்களே.’

அவ்வுலகின் கதிரவன் அப்பொழுது சாய்ந்துகொண்டிருந்தான். கண்முன் நண்பகலை நிறுத்திவைக்க அங்கு வழியுண்டு. நண்பர் அதனை நாடவில்லை. கலங்கரை விளக்கம் அணுகிக் கொண்டிருந்தபோதே கலத்தைத் திருப்பினார். கொண்டல் பின்னின்று தள்ள, துறைநோக்கி நேரே வந்து, இருள் பரவுமுன் பாயிறக்கினோம்.

கணினி விளையாட்டு மாணவர் காலத்தை விழுங்குவது என்பார் கூற்றை யாம் மறுக்கவில்லை. பிளேக் கடல் குமரிக் கடலுக்கு ஈடாகாது. அதில் உப்பில்லை, மீனில்லை, ஒரு குடும்பத்தின் உலையரிசி இல்லை. ஆயினும் அது இல்பொருள் என்று தள்ளுதற்கும் மனம் வரவில்லை. அலையும் காற்றும் பொய்யே. ‘இருட்டுமுன்னே கரையேறிவிடு’ என்ற சொல் பொய்யன்று. எட்டாண்டு மூடிக்கிடந்த பேச்சொன்று, தாய்க்கும் மகனுக்கும் இடையே அப்பொய்க்காற்றினால் திறந்தது.

அன்னையாரின் ஆணை இன்றும் நிற்கின்றது; நண்பர் கலமேறினாரல்லர். ஆனால் நெய்தற் பாட்டில் ஐயம் எழுந்தால் யாம் இப்பொழுது அவரையே வினவுகின்றோம். சென்ற வாரம், நள்ளிரவில் மீன்வேட்டம் செல்வோர் கரையின் திசையை எங்ஙனம் அறிவர் என்று கேட்டோம். விடை நீண்டது. விண்மீன்களில் தொடங்கி, தந்தையாரில் வந்து முடிந்தது.