உருவமும் அருவமும்

ஓவியத்தைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம், "பார்த்தது பார்த்தபடி இருக்க வேண்டும், அதுவே ஓவியம்" என்று கூறுவோர் பலர். நெடுங்காலம் நானும் அக்கட்சியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். என் இளமையில், எங்கள் வீட்டு நாட்காட்டியில் இரவிவர்மா வழிவந்த கலைமகள் வீற்றிருந்தாள். சேலையின் மடிப்பும் வீணையின் நரம்பும் தொட்டுப் பார்க்கத் தூண்டும். ஓவியத்திற்கு அதுவே எனக்கு அளவுகோலாயிற்று. அந்த அளவுகோலால் ஒரு மாணவனைத் தவறாக அளந்த கதையை இங்குக் கூறியாக வேண்டும்.

பயிற்சி முடித்து, ஜொகூர் மாநிலத்தின் தோட்டப் பள்ளியொன்றில் பணியேற்ற தொடக்க ஆண்டுகள் அவை. 'எங்கள் தோட்டம்' என்னும் தலைப்பில் மாணவர்களை வரையச் சொன்னேன். பலரும் கோயிலையும் வரிசை வீடுகளையும் வரைந்தனர். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் தாள் முழுவதும் கருமை பூசி, சாய்வான வெண்கோடுகளை நிரை நிரையாகத் தெரியவிட்டு, நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்திருந்தான். "மரம் எங்கே?" என்று கேட்டேன். அவன் தலை கவிழ்ந்து நின்றான். பத்துக்கு மூன்று புள்ளிகள் இட்டேன். நாட்காட்டிப் படமொன்றைப் பார்த்து வரைந்த வேறொரு மாணவனின் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டினேன். அதன்பின் அச்சிறுவன் நான் சொன்னதை மட்டுமே வரைந்தான். தானாக எதையும் வரையவில்லை.

மறு ஆண்டு ஒருநாள், விடியுமுன் அத்தோட்டத்தின் வழியே செல்ல நேர்ந்தது. இருளில் ஒரு மரமும் தெரியவில்லை. பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தியின் தலைவிளக்கு மஞ்சளாய் அசைந்தது. அவ்வொளி பட்ட இடங்களில், வெட்டின் வழியே வழிந்த பால் சாய்ந்த வெண்கோடாய் மின்னியது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் நின்றேன். விடுமுறை நாள்களில் தாயுடன் காட்டுக்குச் செல்லும் அச்சிறுவன், தான் கண்டதைக் கண்டபடியே வரைந்திருக்கிறான்! காணாதவன் நானே. அவனிடம் இதைச் சொல்ல விரும்பினேன். ஆனால் அதற்குள் அவன் குடும்பம் தோட்டத்தை விட்டு வேறிடம் சென்றுவிட்டது. அந்த மூன்று புள்ளிகளைத் திருத்த இன்றுவரை எனக்கு வாய்ப்புக் கிட்டவில்லை.

ஆசிரியரின் சுவையும் மாணவரின் சுவையும் வேறுபடுதல் குற்றமன்று. சென்னைக் கலைப்பள்ளிக்கு 1929 முதல் 1957 வரை தலைமை தாங்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர்களை, தசையின் முறுக்கேறத் தத்ரூபமாக வடித்தவர் அவர். அவரிடம் பயின்று, அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கரோ, 1960-களில் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் எழுத்துகளையும் சோதிடக் கட்டங்களையும் ஒத்த வடிவங்களையே ஓவியமாக்கினார். 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. வழி வேறாயினும், கலையுலகம் இருவரையும் போற்றுகின்றது.

நம் ஜொகூருக்கும் இதில் பங்குண்டு. 1929-இல் மூவாரில் பிறந்த சையத் அகமட் ஜமால், குனோங் லேடாங் மலையைக் கல்லும் மரமுமாக வரையாமல், வண்ணமும் முக்கோணமுமாகத் தீட்டினார். 1995-இல் தேசியக் கலைஞர் என்னும் சிறப்பையும் பெற்றார். 1986-இல் கோலாலம்பூரில் எழுந்த அவருடைய 'புஞ்சாக் பூர்ணாமா' என்னும் சிற்பம், பழுதுற்றது என்று கூறப்பட்டு 2016-இல் இடிக்கப்பட்டது. அப்போது அவர் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. கலைஞர்கள் கண்டனக் குரல் எழுப்பினர். அச்செய்தியைப் படித்த அன்று, அக்கருப்புத் தாளே என் நினைவுக்கு வந்தது. நாள்தோறும் அவ்வழியே சென்ற மக்களுக்கு அச்சிற்பத்தைக் காணும் முறையை நாம் பள்ளியிலேயே கற்பித்திருந்தால், அதைப் பழுதுபார்க்கச் சொல்லும் குரல்களும் மிகுந்திருக்கும் அன்றோ?

அருவக் கலை தமிழர்க்குப் புதிதன்று. வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலமிடும் அன்னையை, "இது என்ன உருவம்?" என்று எவரும் வினவுவதில்லை. கோடு புள்ளிகளைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் கூடும் அழகே நமக்குப் போதுமானதாக இருக்கிறது. சிவலிங்கத்தை அருவுருவம் எனச் சைவ சித்தாந்தம் வகுத்துள்ளது. இவற்றோடு வளர்ந்த நாம், தாளில் அவ்வாறே ஒன்றைக் கண்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

நடப்பியல் ஓவியத்தைத் தாழ்த்துவது என் கருத்தன்று. அந்தக் கலைமகள் படம் கண்ணாடிச் சட்டத்துள் இன்றும் என் வீட்டில் இருக்கின்றது. அதன்மீது எனக்குள்ள அன்பு குறையவில்லை. என் சுவை எனக்குரியது. அதைக் கொண்டு பிள்ளைக்குப் புள்ளியிட எனக்கு உரிமையில்லை. பயிற்சி ஆசிரியர்கள் எம் பள்ளிக்கு வரும்போது நான் அவர்களிடம் வேண்டிக்கொள்வது ஒன்றே: சிவப்பு மையைத் தொடுமுன், "நீ எதைக் கண்டாய், தம்பி?" என்று கேளுங்கள், அவன் விடை சொல்லும்வரை காத்திருங்கள்.