பழி ஓரிடம், பல் ஓரிடம்!

எட்டு மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு சாமான் காணாமற்போனால் முதலில் தேட வேண்டிய இடம் எது தெரியுமா? குழந்தையின் வாய்! சாவிக் கொத்து, செருப்பு வார், அப்பாவின் கைக்குட்டை, பாட்டியின் ஜபமாலை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். "சீ, துப்பு!" என்று நாம் பதறுவோம். அதுவோ புதிதாக எட்டிப் பார்க்கும் ஒற்றைப் பல்லைக் காட்டிச் சிரிக்கும்.

இந்தக் கவலையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, சென்ற மாசி மாதம் என் மாமனார் ஊரான நயினார்கோவிலுக்குப் போனோம். பரமக்குடியில் பஸ் ஏற வேண்டும். வாய் பேசாத முஸ்லிம் பெண் ஒருத்தி "நயினாரே!" என்று அழைத்ததால்தான் அங்குள்ள நாகநாத சுவாமிக்கு அந்தப் பெயர் வந்தது என்று கதை சொல்லுகிறார்கள். எங்கள் செல்வியின் பிரச்னையோ நேர்மாறு. வாயை மூட வைக்கத்தான் வழி தெரியவில்லை!

முற்றத்தில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு என்று ஊருக்கே பெருமை. தவழும் குழந்தைக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரியுமா? சிவப்பாக, உருண்டையாக ஒரு தின்பண்டம், அவ்வளவுதான். என் மாமியார் மட்டும் எட்டிப் பிடித்திராவிட்டால்... வேண்டாம், அதை நினைக்கவே வேண்டாம்!

இது துஷ்டத்தனமும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. அந்த வயதில் குழந்தைக்கு வாய்தான் வாத்தியார். கெட்டியா, மெத்தென்றிருக்கிறதா, சில்லென்றிருக்கிறதா என்பதையெல்லாம் உதட்டாலும் நாக்காலும்தான் அது படித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு ஈறு வேறு குறுகுறுக்கிறது. பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டிக் கீழ் வரிசையில் முன்பற்கள் இரண்டும் வரும். சில குழந்தைகளுக்கு ஓராண்டுகூட ஆகலாம். மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்களும் வந்துவிடும்.

அக்கம்பக்கத்துப் பெண்மணிகள் யோசனைகளை அள்ளி வழங்கினார்கள். ஒருவர் வசம்பு வளையலைக் கொண்டு வந்தார். இன்னொருவர் ஈறில் தேன் தடவச் சொன்னார். இதையெல்லாம் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்த என்னைத் திடுக்கிட வைத்தது அடுத்த வீட்டுச் சமாசாரம். அங்கே ஒன்பது மாதக் குழந்தைக்கு முதல் நாளிலிருந்து பேதி. கண் உள்ளே போயிருந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. அதன் பாட்டியோ, "பல்லு மொளைக்கிற புள்ளைக்குப் பேதி போகத்தான்த்தா செய்யும். பல்லு வந்தா தானா நின்னுரும்" என்று நிம்மதியாக இருந்தார்.

என் மாமியார் வாதாடவில்லை. "பல்லு அது பாட்டுக்கு மொளைக்கட்டும், மதினி. நாம டாக்டர்கிட்டே காட்டிட்டு வந்துருவோம்" என்று கிளப்பிவிட்டார். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மருந்தும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் குழந்தை எங்கள் திண்ணையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது!

பல் முளைக்கிற சமயத்தில்தானே பேதியும் காய்ச்சலும் வருகின்றன என்று நீங்கள் கேட்கலாம். தாய் கொடுத்தனுப்பிய நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிற காலம் அது. புதிய ஆகாரம் தொடங்குகிற காலம். தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குள் போகிற காலம். குற்றவாளி கிருமி, பழியோ பல்லின் மேல்!

நம் பாட்டிமார்கள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்தில் 1839ல் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மரணங்களுக்குப் பல் முளைத்ததே காரணம் என்று சர்க்கார் கணக்கில் எழுதி வைத்தார்கள். ஈறு வலிக்கு அங்கே விற்ற பொடிகளில் பாதரசம் இருந்தது. கை கால் சிவந்து குழந்தைகள் வாடிய பிறகு, 1954ல்தான் அந்தப் பாதரசம் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 125 குழந்தைகளைத் தினந்தோறும் கவனித்து 2000ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பல் வரும்போது ஜொள்ளு, கடித்தல், சிணுங்கல், லேசான உடல் சூடு உண்டு. பேதி, வாந்தி, கடும் காய்ச்சல் பல்லால் வருவதில்லை என்று அதில் தெரிந்தது.

ஆகவே, சகோதரிகளே, ஈறு குறுகுறுத்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் மெல்லத் தேய்த்து விடுங்கள். சுத்தமான ஈரத் துணியைக் குளிர வைத்துக் கடிக்கக் கொடுங்கள். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968லேயே தடை செய்துவிட்டது. கடித்துச் சப்ப அது வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளும் வேண்டாம். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கிற பொத்தான் பாட்டரியிடம் மிகுந்த ஜாக்கிரதை தேவை. தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், பேதி கண்டாலும், சிறுநீர் குறைந்தாலும் பல்லை மறந்துவிட்டு டாக்டரைத் தேடுங்கள். பல் எப்படியும் வந்துவிடும். குழந்தையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்!