பெல்ட் வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவது?

தை பிறந்தால் நன்னிலம் வயல்களில் பெல்ட் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம், இறங்கிவிடும். ஓட்டுபவரும் மெக்கானிக்கும் பெரும்பாலும் வெளி மாவட்டத்துக்காரர்கள். சேற்றில் பெல்ட் அறுந்து வண்டி நின்றால், ஆள் வரும்வரை முற்றிய சம்பா காத்துக் கிடக்கும். அதற்குள் மழை பிடித்தால் கதிர் சாய்ந்து முளைவிட்டுவிடும். நம் பிள்ளைகளோ டிகிரி முடித்துத் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். வயிறு எரிகிறது.

71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரூ.2,877 கோடியில் நவீனமாக்க 2022-இல் டாடா டெக்னாலஜிஸுடன் ஒப்பந்தம் போட்டது தமிழக அரசு. நல்ல காரியம். அதோடு, அறுவடை வண்டியையும் நடவு மெஷினையும் பிரித்து மாட்டக் கற்றுத்தரும் பட்டறை ஒன்று இங்கேயே வேண்டும். சீசனில் சர்வீஸ், மற்ற மாதங்களில் பயிற்சி. இரண்டிலும் வருமானம் உண்டு. முதல் போட இடம் தேடும் வெளிநாட்டுச் சொந்தங்களே, ஊர்ப்பக்கம் கொஞ்சம் பாருங்கள்.