விட்டோடி

இருபத்தொரு நாள். போலீஸில் விடுப்புச் சொல்லாமல் வராதவருக்கு அதுதான் கெடு. அதைத் தாண்டினால் பெயருக்கு முன்னால் ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும்: விட்டோடி. பயிற்சிப் பள்ளியில் இந்தச் சொல்லைக் கேட்டபோது சிரித்திருக்கிறோம். பட்டாளத்திலிருந்து துப்பாக்கியோடு ஓடிப்போகிறவன்தான் நினைவுக்கு வந்தான். ஓட முடியாமல் அரசு மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக் கிடந்த என் பெயருக்கு முன்னால் அது வரும் என்று யார் கண்டது?

2014இல் நடந்தது இது. இரண்டாம் நிலைக் காவலராக எனக்கு ஆறாவது வருடம். வயிற்றில் பதினொரு வாரம். திருவிழா பந்தோபஸ்தில் இரண்டு நாள் தொடர்ந்து நின்றதில் ரத்தப்போக்கு ஆரம்பித்தது. எங்கள் துறையில் உடம்பு சரியில்லை என்றால் நேராக மருத்துவமனைக்குப் போய்விட முடியாது. சிக் பாஸ்போர்ட் என்று ஒரு தாள் வாங்க வேண்டும். நிலைய அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் நமக்கு நோய்.

"ஐயா, நான் மாசமா இருக்கேங்கய்யா. ரத்தம் போகுது."

"மாசமா இருக்கிறவ எதுக்கும்மா டூட்டிக்கு வந்த? தேர் நிலைக்கு வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

இரண்டாம் முறை கேட்டபோது குரலை உயர்த்தித்தான் கேட்டேன். கால் வழியே ரத்தம் இறங்கும்போது வேறு எந்தக் குரலில் கேட்பது? பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். கரு தங்கவில்லை. சுத்தம் செய்தார்கள், தொற்று வந்தது, ரத்தம் ஏற்றினார்கள். என் கணவர் மருத்துவச் சான்றோடு விடுப்புக் கடிதத்தை நிலையத்துக்கு எடுத்துப் போனார். ரைட்டர் வாங்க மறுத்தார். "தபால்ல போடுங்க தம்பி, ஒப்புதல் அட்டையோட போடுங்க, அந்த ரசீதைத் தொலைச்சிடாதீங்க" என்று சொன்னவர் அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். இந்தக் கதையில் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது அந்த அக்காவுக்கு.

அப்போது நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரம் விடுப்பு என்றது. அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளிலும் கருச்சிதைவு விடுப்புக்கு இடம் இருக்கிறது. நான் வராமல் இருந்தது இருபத்தாறு நாள். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு. இந்தக் கணக்கை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. இருபத்துமூன்றாம் நாள் எங்கள் லைன் வீட்டுக் கதவில் விட்டோடி உத்தரவை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒட்ட வந்தவர் என்னோடு ஒரே பேட்ச். கதவைத் தட்டவில்லை, பசை மட்டும் தடவிவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது.

தகுதிச் சான்றோடு போய் நின்றேன். பணியில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு வந்தது 3(ஆ). வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. 1955ஆம் ஆண்டின் காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளில் 3(அ) என்றால் சின்னத் தண்டனை, 3(ஆ) என்றால் பெரிய தண்டனை. லைனில் ஒருவருக்கு '3 பி கொடுத்துட்டாங்க' என்று சொன்னால், புற்றுநோய் என்று சொன்னதுபோல அந்த வீட்டைப் பார்ப்பார்கள். என் மீது இரண்டு குற்றச்சாட்டு. அனுமதியின்றி இருபத்தாறு நாள் வராதது ஒன்று. மேலதிகாரியிடம் உரத்த குரலில் பேசிய கண்டிக்கத்தக்க நடத்தை இன்னொன்று.

கோப்பு முழுக்க என் பெயர் ஓரிரு இடங்களில்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் 'அபச்சாரி'. குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆண் காவலருக்கும் அதே சொல்தான், உண்மை. ஆனால் ஒரு பெண்ணின் கோப்பில் பக்கத்துக்குப் பத்து முறை அது வரும்போது, படிக்கிறவன் காதில் வேறு எந்தச் சொல்லின் வால் ஒலிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதைத் தட்டச்சு செய்த தம்பி ஒரு இடத்தில் முதல் எழுத்தைக் கைதவறி மாற்றியும் அடித்திருந்தான். யாரும் திருத்தவில்லை.

விசாரணை என்று நடந்ததைச் சொல்கிறேன். பாஸ்போர்ட் மறுத்தவர்தான் புகார் கொடுத்தவர், அவரே முதல் சாட்சி. பூர்வாங்க விசாரணை நடத்தி 'குற்றம் உண்மை' என்று எழுதிக் கொடுத்த அதிகாரியே மறுபடி விசாரணை அதிகாரி. சாட்சிகளின் வாக்குமூலம் நான் அறைக்குள் போகும்போதே தட்டச்சாகி மேசையில் இருந்தது. சீருடையில், தொப்பியோடு இரண்டு மணி நேரம் நின்றேன். என்னிடம் கேட்ட கேள்விகளில் மருத்துவமனை பற்றி ஒன்றுகூட இல்லை.

"வீட்டுக்காரரு என்ன பண்றாரு? ஒண்ணாத்தான் இருக்கீங்களா?"

"ஒண்ணாத்தாங்கய்யா இருக்கோம்."

"அப்ப எதுக்கு இவ்வளவு கோபம் வருது உனக்கு?"

கருச்சிதைவு என்ற சொல்லை அந்த அறையில் யாருமே சொல்லவில்லை. 'பெண்கள் சம்பந்தமான உடல்நலக் குறைவு' என்று எழுதினார்கள். சாட்சியிடம் கேள்வி கேட்க வேண்டும் என்றேன். என்ன கேள்வி என்றார் அதிகாரி. அன்றைய நிலையப் பொதுநாட்குறிப்பில் நான் உடல்நலமில்லை என்று சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் தேவையில்லாதது" என்றவர் தட்டச்சரைப் பார்த்து, "குறுக்கு விசாரணை இல்லை, போட்டுக்கப்பா" என்றார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்த அக்கா முந்தின இரவே சொல்லியிருந்தார்: கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே, அது இன்னொரு குற்றச்சாட்டாகும், என்ன நடந்ததோ அதை மேலே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடு. 'சாட்சியிடம் கேள்வி கேட்க அனுமதிக்கப்படவில்லை' என்று பேனாவால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அதிகாரி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மை காய்ந்த பிறகு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பணியறவு. பணிநீக்கம் வேறு, பணியறவு வேறு என்பது அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. பணிநீக்கம் என்றால் இந்த வேலை போகும். அரசின் வேறு வேலைக்கு முயலலாம். பணியறவு என்றால் பொதுவாக அந்தக் கதவும் மூடிவிடும். அறுவது. தாலி அறுப்பதற்கு நாம் வைத்திருக்கும் அதே வினைச்சொல். உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. ஏற்கெனவே நான் இரண்டு சிறு தண்டனை பெற்றவளாம், திருந்தாதவளாம். குற்றக் குறிப்பாணையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மேல்முறையீடு செய்தேன். 'பரிசீலிக்கப்பட்டது, தலையிட முகாந்திரம் இல்லை' என்று இரண்டு வரியில் பதில்.

லைன் வீட்டைக் காலி செய்தோம். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை கிடைத்தது. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கப் பழகியவள்தானே என்று வீட்டில் சொன்னார்கள். கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021இல்தான். என் மாமியார், "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா முடிஞ்சிருக்கும்" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் போன வீட்டில் நியாயம் கடைசியில்தான் சாப்பிட உட்காரும்.

சங்கம் இல்லையா என்று தோழிகள் கேட்டிருக்கிறார்கள். இல்லை. காவலர்கள் அனுமதியின்றிச் சங்கம் சேர 1966ஆம் ஆண்டின் ஒரு மத்தியச் சட்டம் தடை போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் காவல் துறைக்குள் வந்தது 1973இல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் திறந்தார்கள். மற்ற பெண்களின் புகாரை வாங்க எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். எங்கள் புகாரை வாங்கும் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வழக்கறிஞர் அம்மா முதல் நாளே என் கண்ணீரைத் துடைக்காமல் ஒரு விஷயத்தைச் சொன்னார். "நீ நல்லவளா, பாவப்பட்டவளான்னு ஹைகோர்ட் பாக்காதும்மா. சாட்சியை மறுபடி எடை போடவும் போடாது. உன்னை விசாரிச்ச முறை சரியான்னு மட்டும்தான் பாக்கும். அதுக்கு என்ன வச்சிருக்க?" தபால் ரசீதும், ஒப்புதல் அட்டையும், மருத்துவமனை விடுவிப்புச் சீட்டும் இருந்தன. விசாரணை அறிக்கை எங்கே என்றார். கொடுக்கவே இல்லை என்றேன். அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. வழக்கறிஞர்கள் விநோதமானவர்கள்.

அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு, அரசுப் பணியில் இருப்பவரைக் குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகே வெளியேற்ற முடியும் என்கிறது. மூன்று விதிவிலக்குகள் உண்டு. எதுவும் எனக்குப் பொருந்தாது. விசாரணை அதிகாரியின் அறிக்கை நகலைக் கொடுத்து விளக்கம் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்று 1993இல், ஈ.சி.ஐ.எல். நிறுவனத்துக்கும் கருணாகருக்கும் நடந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. பழைய தண்டனைகளைக் கணக்கில் எடுப்பதானால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது மஞ்சே கவுடா தீர்ப்பு. வராமல் இருந்தது வேண்டுமென்றே என்று துறை நிரூபிக்க வேண்டும், நோய் போன்ற காரணத்தால் வர முடியாமல் போனதை அப்படிச் சொல்ல முடியாது என்பது 2012இன் கிருஷ்ணகாந்த் பர்மார் தீர்ப்பு. இந்தப் பெயர்களை நான் ஜவுளிக்கடைப் பில்லின் பின்பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன். எனக்கு முன்னால் யாரோ ஒரு ஆள், ஏதோ ஒரு ஊரில், இதேபோல அலைந்து எனக்காக வாங்கி வைத்த வரிகள் அவை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி என் கோப்பைக் கேட்டேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை, மேல்முறையீட்டில் கிடைத்தது. அறிக்கையை முதன்முதலாக அப்போதுதான் படித்தேன். 'அபச்சாரி விசாரணையின்போதும் அடக்கமின்றி நடந்துகொண்டார்' என்றிருந்தது. கூடவே, நான் பேனாவால் எழுதிய அந்த வரியும் நகலில் தெளிவாக விழுந்திருந்தது.

வழக்கு பட்டியலில் வருவதும் போவதுமாக நாலு வருடம். 2019இல் உத்தரவு. வாதம் நடந்தது இருபது நிமிடம் இருக்கும். அரசுத் தரப்பு வழக்கறிஞர், சீருடைப் பணியில் ஒழுக்கம்தான் உயிர் என்றார். ஒழுக்கம் என்றால் அறிக்கை நகலைக் கொடுப்பதும் சேர்ந்ததுதானே என்று நீதிபதி கேட்டார். பணியறவு ரத்தானது. ஆனால் படங்களில் வருவதுபோல மாலை போட்டு வேலைக்கு அழைக்கவில்லை. மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும், வேறொரு அதிகாரியை வைத்துச் சாட்சி விசாரணையிலிருந்து மறுபடி நடத்தலாம், இடைப்பட்ட காலத்தின் சம்பளத்தை அதன் முடிவில் தீர்மானிக்கலாம் என்றது உத்தரவு. நான் வாசலில் உட்கார்ந்து அழுதபோது வழக்கறிஞர் அம்மா, "இதுதான் ஜெயிக்கிறது, எழுந்திரு" என்றார்.

இரண்டாவது விசாரணையில் அதிகாரி ஒரு பெண். அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் என்னிடம் சிரிக்கக்கூட இல்லை. விதிப்படி நடந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. உட்காரச் சொன்னார். சாட்சி சொல்ல வந்தவர் அதற்குள் பதவி உயர்வு பெற்றிருந்தார்.

"அன்றைய பொதுநாட்குறிப்பில் நான் உடல்நலமில்லை என்று சொன்னது பதிவாகியிருக்கிறதா, ஐயா?"

"இல்லை."

"ஏன் பதியவில்லை?"

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தட்டச்சரைப் பார்த்து, "கேள்வியை அப்படியே போடுங்க" என்றார். "ஞாபகம் இல்லை" என்று பதில் வந்தது. அதையும் அப்படியே போட்டார்கள். மருத்துவமனைச் சீட்டை வாசித்தபோது 'முழுமையற்ற கருச்சிதைவு' என்ற இரண்டு சொல்லும் அந்த அறையில் சத்தமாகக் கேட்டன. முதல் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. உரத்த குரல் மட்டும் நிரூபணமாயிற்று. ஒரு வருட ஊதிய உயர்வு தள்ளிவைப்பு.

2024இல், மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் காவலர்களுக்கு மூன்று வருடம் சொந்த ஊர்ப் பக்கம் பணி தரப்படும் என்று அரசு அறிவித்தது. லைனில் எல்லாரும் பேசிக்கொண்டோம். நல்ல அறிவிப்பு. குழந்தை பிறக்காமல் திரும்பி வருகிறவளுக்கு என்ன என்று ஒரு இளம் காவலர் கேட்டாள். என்னிடம் இருந்த ரசீதுகளின் நகலை அவளுக்குக் காட்டினேன், எந்தக் கவுண்டரில் என்ன கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

வெளியே இருந்த அந்த நாலு வருடத்தைப் பணிக்காலமாகக் கணக்கிட முடியாது என்று ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது. ஊதிய உயர்வுத் தள்ளிவைப்பையும் சேர்த்து மனுப் போட்டிருக்கிறேன். எண் கிடைத்துவிட்டது. இன்னும் பட்டியலில் வரவில்லை.